வரும் என்பதா, வரலாம் என்பதா

நான் வளர்ந்தது காட்பாடியில், ரயில்வே குடியிருப்பில். அப்பா சிக்னல்காரர். அடுத்த வீட்டில் உருது பேசும் ரயில் கார்டு ஒருவரின் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெண்களோடு பாண்டி ஆடி, சண்டை போட்டு, சமாதானமாகி, அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்டேன். மிஷன் பள்ளிப் படிப்பு முடிந்ததும் வேலூரில் பெண்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டர் வேலை கிடைத்தது. மிக்சர் கலக்கி, களிம்பு குழைத்து, சீசாவில் காகிதம் ஒட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன். எனக்குத் தமிழும் உருதும் தடையில்லாமல் வரும் என்று டாக்டரம்மாவுக்குத் தெரிந்த அன்றோடு அந்த நிம்மதி போயிற்று.

டாக்டரம்மா கடல் கடந்து வந்தவர். நல்ல உயரம், பெரிய பெரிய எட்டாக வைத்து நடப்பார். தமிழை ஒரு பண்டிதரிடம் இலக்கண சுத்தமாகப் படித்திருந்தார். பல்வலியோடு வந்த காய்கறிக்காரியிடம், "அம்மையே, தங்கள் வாயைத் திறந்தருள்க" என்பார். அவள் வலியை மறந்து சிரித்துவிடுவாள். சிரிக்கிற நேரத்தில் டாக்டரம்மா வாய்க்குள் எட்டிப் பார்த்து வேலையை முடித்துவிடுவார்.

ஒரு வகை நோயாளிகளிடம் மட்டும் இந்தச் சிரிப்பு எடுபடாது. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கமிருந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வருகிற பெண்கள் அவர்கள். தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கும் ஒருத்தி வந்தாள். முந்தானையை எடுத்தபோது அவள் கன்னத்தில் ஓட்டை விழுந்திருந்தது. காலையில் குடித்த கஞ்சி அந்த வழியாக ஒழுகிக் காய்ந்திருந்தது. வாயில் எப்போதும் வெற்றிலையும் புகையிலையும் சேர்த்து அடக்கி வைத்திருப்பாளாம்; தூங்கும்போதும் துப்புவதில்லையாம்.

"எப்போது தொடங்கியது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"போன மாங்கா சீசன்ல சின்னதா வெள்ளையா இருந்துச்சும்மா. வலி இல்ல. வலிக்காததுக்கு யாரு ரயிலேறி ஆஸ்பத்திரி வருவாங்க?"

அவளுக்குச் செய்ய எங்களிடம் ஒன்றும் இல்லை. வலி தெரியாமலிருக்க மருந்து கலந்து கொடுத்தேன். அவள் போன பிறகு டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "வலிக்காத போதே வர வேண்டும். இதை இவர்களுக்கு யார் சொல்வது?" என்றார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் தமிழும் உருதும் இனி எதற்கு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

டாக்டரம்மாவிடம் படம் காட்டும் லாந்தர் ஒன்று இருந்தது. உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு எரியும்; முன்னால் படம் வரைந்த கண்ணாடிச் சில்லைச் செருகினால் எதிரே கட்டிய வெள்ளை வேட்டியில் படம் பெரிதாக விழும். அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டு நாங்கள் ஆம்பூருக்கு ரயிலேறினோம். ஆம்பூரில் தோல் ஷாப் முதலாளி ஒருவரின் மனைவிக்கு எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் ஆகியிருந்தது. அந்த பீபியம்மா, "எங்க கிடங்கு சும்மாதானே இருக்குது, அங்க காட்டுங்க. பகல்லயே இருட்டா இருக்கும்" என்று ஏற்பாடு செய்துவிட்டார்.

இருட்டாகத்தான் இருந்தது. ஊறின தோலும் பட்டையும் சுண்ணாம்பும் சேர்ந்த வாடை மூக்கைப் பிடுங்கியது. ஷாப்பில் வேலை செய்யும் பெண்கள் ஒரு பக்கம், கோஷா வீட்டுப் பெண்கள் திரைக்குப் பின்னால் ஒரு பக்கம் என்று கிடங்கு நிரம்பிவிட்டது. முதலில் டாக்டரம்மா ரோஜாப்பூப் படம் காட்டினார். "ஆகா" என்றார்கள். பல் வரிசை காட்டினார். ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். மூன்றாவதாக நோய் வந்த வாயைக் காட்டினார்.

கதவளவு வாய். அதற்குள் அந்தப் புண். கிடங்கு முழுக்க ஒரே அலறல். முன்வரிசை எழுந்து பின்வரிசை மேல் விழுந்தது. யாரோ கதவைத் திறக்க, வெளிச்சம் பாய்ந்து படம் காணாமல் போயிற்று. ஓடியவர்கள் போக மிச்சமிருந்தவர்களிடம் நான் அவசர அவசரமாகக் கத்தினேன்.

"வெத்தலையும் போயலையும் ஓயாம அடக்கி வெச்சா வாயில புத்து வரும்! சின்னதா இருக்கும்போதே வாங்க!"

பீபியம்மா தன் பங்குக்கு உருதுவில் உரக்கச் சொன்னார். அந்தப் பாஷையில் கட்டிக்கும் புண்ணுக்கும் ஃபோடா என்று பெயர்; முஹ் மே என்றால் வாயில். "முஹ் மே ஃபோடா! ஃபோடா!" என்று அவர் கூவ, பட்டை இடிக்கும் பெண் ஒருத்தி முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாத்துக்கு அந்தம்மா நம்மள போடா போடான்றாங்க?"

அடுத்த வாரம் பீபியம்மா வீட்டிலிருந்து செய்தி வந்தது. ஆம்பூரில் பாலுக்குத் தட்டுப்பாடாம். ஆற்றங்கரையில் இருக்கும் பாம்புப் புற்றுக்கு எல்லாரும் குடம் குடமாகப் பால் ஊற்றுகிறார்களாம், முட்டை உடைக்கிறார்களாம். வெற்றிலை எச்சிலைப் புற்றின் மேல் துப்பியதால் நாகம்மாவுக்குக் கோபம் வந்து வாய்க்குள் புற்று வைக்கிறாள் என்று வேலூரிலிருந்து வந்த துரைசானி படம் போட்டுக் காட்டினாளாம்.

இதை நான் டாக்டரம்மாவிடம் விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. நோய்க்கும் பாம்பு குடியிருக்கும் மண்மேட்டுக்கும் தமிழில் ஒரே பெயர் என்பதைப் பண்டிதர் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை போலும். புற்று, புற்று என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "அந்தப் பாம்புக்காவது நம்மால் நன்மை விளைந்தது" என்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த முறை புற்று என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஆறாத புண் என்றேன்; வரும் என்று சொல்லாதே, வரலாம் என்று சொல் என்றார் டாக்டரம்மா, அப்படியே சொன்னேன். பயங்கரப் படத்தையும் பெட்டியிலேயே விட்டுவிட்டோம். இம்முறை ஆண்களும் கேட்க வேண்டும் என்று ஷாப் முற்றத்தில் கூட்டம். என் பேச்சும் முதல் தடவையைவிட நன்றாக வந்தது. நன்றாக வருகிறது என்ற தெம்பில், டாக்டரம்மாவிடம் கேட்காமலே ஓர் உதாரணத்தை எடுத்து விட்டேன்.

"ஆட்டுத்தோலு மயிரை எதுல போட்டு எடுக்கறீங்க? சுண்ணாம்புத் தொட்டியிலதானே? அந்தச் சுண்ணாம்பைத்தானே கன்னத்துல வெச்சிக்கினு தூங்கறீங்க?"

முன்னால் இருந்தவர்கள் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். நெஞ்சில் போய்த் தைத்தது என்று எனக்குப் பெருமை. அடுத்த மாதம் போனபோது பட்டை இடிக்கிறவர்கள் ஓடி வந்து சொன்னார்கள்.

"சுண்ணாம்பை வுட்டுட்டோம்மா! தொடறதே இல்ல. இப்பல்லாம் வெறும் போயலைதான். காரம் பத்தலன்னு கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சிக்கறோம்."

டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. "உதாரணம் கூறுவது நன்று. ஆனால் உண்மையான காரணத்துக்கு உதாரணம் கூறு" என்றார். எனக்கு ரோஷமாக இருந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் ரோஷம்.

அந்த மாதக் கூட்டத்தில்தான் ஷாப் மேஸ்திரி ஒருவர் எழுந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தலை முழுக்க நரை. பல் முழுக்கச் செம்மண் நிறம்.

"டாக்டரம்மா, நான் மீசை மொளைக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து போயலை போடறேன். இந்தா பாருங்க." வாயை ஆவென்று திறந்து நாக்கை மேலும் கீழும் ஆட்டினார். "எங்க புண்ணு?"

டாக்டரம்மா கிட்டே போய், விளக்கைப் பிடித்து, நிஜமாகவே நன்றாகப் பார்த்தார். "ஒன்றும் இல்லை. தங்கள் வாய் நலமாக உள்ளது" என்றார்.

கூட்டம் விசிலடித்தது. மேஸ்திரி தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி எல்லாருக்கும் கும்பிடு போட்டார்.

திரும்பும்போது ரயிலில் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை. ஆஸ்பத்திரியில் அவரை எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் கிடையாது. ஓடும் ரயிலில் எப்படியோ வந்துவிட்டது.

"வரும்னு அடிச்சுச் சொல்லணும்மா. நீங்க வரலாம், வரலாம்னு சொல்லச் சொல்றீங்க. தமிழ்ல வரலாம்னா என்ன அர்த்தம் தெரியுமா? வீட்டு வாசல்ல நிக்கிறவங்களை உள்ள கூப்பிடறதுக்குச் சொல்றது. போன தடவையே ஒருத்தி கேட்டா, நோயை நீங்களே வரலாம்னு அழைக்கிறீங்களேன்னு."

"ஆனால் எல்லோருக்கும் வருவதில்லையே. அந்த முதியவருக்கு வரவில்லையே."

"அது நமக்குத் தெரியும். அவங்களுக்குச் சொல்லணுமா?"

"நாம் பொய் சொல்கிறோம் என்று காட்டவே அவர் இன்று தம் வாயைத் திறந்தார். நீ இன்றும் 'வரும்' என்று கூறியிருந்தால் அவர் கூறியதே மெய்யாகி இருக்கும்." குடியாத்தம் ஸ்டேஷன் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பயந்தவர்கள் ஓடுவார்கள். ஏமாந்தவர்கள் திரும்பி வரவே மாட்டார்கள்."

 மனதுக்குள், இப்படியே போனால் ஒருத்தரும் வரப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருத்தி வந்தாள். ஆனால் சண்டைக்கு வந்தாள்.

ஆம்பூர் கடைத்தெருவில் வெற்றிலை பாக்குப் புகையிலை விற்கும் அம்மாள் அவர். புருஷன் போன பிறகு தனியாளாகக் கடையை நடத்தி, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். வாட்டசாட்டமான உடம்பு, அதற்கேற்ற தொண்டை. காலை ரயிலில் வந்து, ஆஸ்பத்திரி வாசலில் ஜட்கா வண்டியிலிருந்து இறங்கும்போதே குரல் மருந்து கலக்கும் அறைக்குக் கேட்டது.

"எங்க அந்தத் தொரைசானி? படம் காட்டறேன்னு வந்து என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு வந்துட்டாங்க!"

டாக்டரம்மா நாற்காலி போடச் சொன்னார். அந்த அம்மாள் உட்காரவில்லை.

"கல்யாணத்துக்கு வெத்தலை, கருமாதிக்கு வெத்தலை, சாமிக்கு வெத்தலை. அத்தைப் போயி வெசம்னு சொன்னா எவ கேப்பா? வெத்தலையா, போயலையா, எதுன்னு சொல்லுங்க. எத்தைத் திட்டறதுன்னு தெரியாம எல்லாத்தையும் திட்டறீங்களே!"

"புகையிலைதான் முதற்காரணம் என்று எண்ணுகிறோம். அதை வாயில் அடக்கி உறங்குவது மிகத் தீது" என்றார் டாக்டரம்மா.

அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பாக்கின் மேலும் பழி உண்டு என்று பிற்காலத்தில் டாக்டர்கள் சொன்னார்கள். அதை நினைக்கும்போது, அன்று பாக்கைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். தெரியாததை எப்படிச் சொல்ல?

வெற்றிலைக்காரம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் கத்தினார். டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். கத்துகிற வாயைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நான் கவனித்தேன். பேச்சு தணிந்ததும் அந்த அம்மாள் புறப்படுகிற மாதிரி வாசல் வரை போனார், நின்றார், யாரும் இல்லையே என்று தாழ்வாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். குரல் இப்போது வேறாக இருந்தது.

"எனக்கும் ஒண்ணு இருக்குது. வலி இல்ல. சும்மா பார்த்துட்டு அனுப்பிடுங்க."

இடது கன்னத்தின் உள்பக்கம், பொட்டு அளவுக்கு வெள்ளையாக, நடுவில் லேசாகத் தடித்து இருந்தது. சண்டைக்காகத்தான் வந்தாரா, இதற்காக வந்துவிட்டுச் சண்டை போட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். "இது அந்த நோயின் தொடக்கமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இப்போது வெட்டி எடுத்தால் பெரும்பாலும் நலமாவீர்கள். காத்திருந்தால் என்னால் உறுதி கூற இயலாது."

நான் இதை அப்படியே ஆம்பூர்ப் பேச்சுக்கு மாற்றினேன். வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. அந்த அம்மாள் என் முகத்தையும் டாக்டரம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரியலன்னு சொல்ற டாக்டரை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார். இடுப்புச் சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டே, "சரி, எடுத்துடுங்க. கடையை யாரு பார்ப்பா?" என்றார்.

பெரிய மகள் வந்து கடையைப் பார்த்துக்கொண்டாள். குளோரோபார்ம் கொடுக்கும்போது நான்தான் அவர் கையைப் பிடித்திருந்தேன். மயங்குகிற வரை, மகள் புகையிலைக் கட்டை ஈரத்தில் வைத்துவிடுவாள் என்று புலம்பிக்கொண்டே இருந்தார். நாலைந்து நாள் கஞ்சியும் மோரும்தான். பேசக் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. வார்டில் அத்தனை நாளும் இருந்த அமைதியைப் பிற்பாடு நர்சுகள் நினைத்து நினைத்துப் பேசினார்கள். தையல் ஆறியது. கன்னம் உள்ளே கொஞ்சம் இழுத்துக்கொண்டதால் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியது. மற்றபடி பழைய ஆள்தான்.

இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். வியாழக்கிழமை வெளிநோயாளிகள் வரிசை திடீரென்று வாசலைத் தாண்டிப் போக ஆரம்பித்தது. எல்லாம் ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்கள். ஒருத்திக்கு டீ சுட்ட நாக்கு. ஒருத்திக்கு முருங்கைக்காய் கீறின ஈறு. ஒருத்திக்கு ஒன்றுமே இல்லை. தங்கச்சி வந்தாள், கூட வந்தேன் என்றாள். டாக்டரம்மா ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். மத்தியானச் சாப்பாடு தள்ளிப் போயிற்று. முணுமுணுத்துக்கொண்டே பார்த்தார், அந்த முணுமுணுப்பில் சந்தோஷம் தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் இருவருக்கு நிஜமாகவே வெள்ளைப் படை. இரண்டும் சின்னது. இரண்டையும் எடுத்தோம்.

"உங்களை இங்கு அனுப்பியது யார்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வெத்தலைக்கார அக்காதான். கடைக்குப் போனா வாயைத் திறந்து காட்டறாங்க. பார்க்காம வெத்தலை குடுக்கறதில்ல."

எங்களுக்கு ஆவல் தாங்கவில்லை. அடுத்த தடவை ஆம்பூர் போனபோது கடைக்கு எதிரே ஜட்காவை நிறுத்தச் சொல்லி ஒளிந்திருந்து பார்த்தோம். ஒரு பெண் புகையிலை கேட்டாள். வெற்றிலைக்காரம்மாள் கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினார்.

"பாரு. இங்கதான் இருந்துச்சு. எல்லாருக்கும் வராது. மேஸ்திரிக்கு வந்துச்சா? வரல. யாருக்கு வரும்னு எவனுக்கும் தெரியாது, தொரைசானிக்கே தெரியாது. எனக்கு வந்துச்சு. வாயில புண்ணு ஆறலன்னா, வெள்ளையா இருந்துச்சின்னா, வலிக்கலன்னாலும் சரி, ரயிலேறிப் போய்டு. வலிக்கட்டும்னு குந்திக்கினு இருந்தா கன்னம் போய்டும்."

அந்தப் பெண் பயந்து போய், "அப்ப போயலை வேணாங்க்கா" என்றாள்.

"வேணாம்னா வுடு, நல்லது. வேணும்னா வாங்கிக்க, ஆனா துப்பிட்டுத் தூங்கு." புகையிலை விற்பதையும் அவர் விடவில்லை, எச்சரிப்பதையும் விடவில்லை.

டாக்டரம்மா ஜட்காவுக்குள் என் கையைத் தட்டினார். "அவர் 'வரலாம்' என்பதை எவ்வளவு அழகாகக் கூறினார், கேட்டாயா?" நானும் தலையாட்டினேன். அந்த ரயில் சண்டையில் யார் ஜெயித்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

வெற்றிலைக்காரம்மாளின் பேச்சில் சரக்கு கொஞ்சம் கூடிக்கொண்டும் போயிற்று. தன் கன்னத்தைத் தைத்தது தங்க ஊசி என்றார். வெட்டி எடுத்ததைச் சீசாவில் போட்டு சீமையிலுள்ள ராஜாவுக்குக் கப்பலில் அனுப்பியிருக்கிறார்கள் என்றார். டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நடந்ததை மட்டும் சொல்லும்படி கெஞ்சினார். "தங்க ஊசியை வேணா வுட்டுடறேன். கப்பல் இருக்கட்டும்மா, அதுக்குத்தான் கூட்டம் கம்மியாகாம நிக்குது" என்று பேரம் பேசினார். கடைசியில் கப்பலையும் விட்டுக்கொடுத்தார் என்று எங்களிடம் சொன்னார். நாங்கள் இல்லாதபோது என்ன சொன்னாரோ.

மேஸ்திரிக்குக் கடைசிவரை வாயில் ஒரு கீறல்கூட வரவில்லை. தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். கன்னத்தில் ஓட்டை விழுந்து வந்த அந்தப் பட்டை இடிக்கும் பெண் மட்டும் அடுத்த மாங்காய் சீசனைப் பார்க்கவில்லை. அவள் மகள் பிறகு ஒரு வியாழக்கிழமை வரிசையில் நின்று வாயைக் காட்டிவிட்டுப் போனாள். சுத்தமாக இருந்தது.

பிறகு வெளியூர்களுக்கும் போனோம். வெற்றிலைக்காரம்மாளும் கூட வருவார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவருக்குத்தான். அணைக்கட்டு என்ற ஊரில் அவர் பேசினார், நான் மேற்கொண்டு கேட்டவர்களுக்கு விளக்கினேன். காவேரிப்பாக்கத்தில் ஏரிக்கரை ஓரமாகக் கூட்டம் போட்டபோது, பேச்சு முடிந்து டாக்டரம்மா ஒவ்வொருவராக வாய் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நடுவயதுப் பெண் தன் எருமையைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். முறை வந்ததும், "இது ரெண்டு நாளா புல்லு மேயலம்மா. வாயைப் பாருங்க" என்றாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, "அம்மையே, திறந்தருள்க" என்று எருமையிடமே சொல்லி, நானும் அந்தப் பெண்ணும் தாடையைப் பிடித்துக்கொள்ள, உள்ளே பார்த்தார். கடைவாயில் ஒரு முள் குத்தியிருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

அந்தப் பெண் முள்ளைப் பார்த்தாள், எருமையைத் தட்டிக்கொடுத்தாள், போகத் திரும்பினாள். பிறகு என்ன நினைத்தாளோ, வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, ஏரித் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டு வந்து டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.